தண்ணி லாரி ஏழுமலைக்குப் பேலியோ சமைத்தது

எனக்குப் பேச வராது. நாலு பேர் ஒன்றாக முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துவிடும். எழுதுவதென்றால் பரவாயில்லை, எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஒற்றெழுத்து எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

படூரில் நான் பல வருடம் வேலை பார்த்த சமையல்கூடத்தில் பலகையை மாற்றிவிட்டார்கள். 'பேலியோ சாப்பாடு' என்று இருந்த இடத்தில் இப்போது 'சிறுதானியச் சாப்பாடு' என்று இருக்கிறது. வேலையை விட்டபிறகு ஒருநாள் எல்லாரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் வரகு களைந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, "ஆயா, நெசத்த சொல்லு. அந்தப் பேலியோல ஒடம்பு கொறஞ்சிதா, இல்ல எல்லாம் உடான்ஸா?" என்று கேட்டாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் திருவிடந்தைக்குப் பக்கம். சின்ன வயதிலிருந்து மீன் கூடைதான். கூடை சுமந்து முட்டி தேய்ந்தபிறகு, படூர் அடுக்குமாடி வீடுகளில் மீன் ஆய்ந்து கொடுக்கப் போனேன். அங்கே ஒரு வீட்டில்தான் சாந்தி மேடம் என்னைப் பார்த்தார். "என் சமையல்கூடத்துக்கு வந்துடறீங்களா, கன்னியம்மா?" என்று கேட்டார். என்னை யாரும் அதுவரை 'நீங்க' என்று சொன்னதில்லை. சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

பேலியோ என்றால் என்னவென்று முதல் நாள் மேடம் சொல்லிக் கொடுத்தார். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, இட்லி, தோசை எதுவும் கிடையாது. முட்டை, கறி, மீன், வெண்ணெய், பனீர், காய், ஊறவைத்து நெய்யில் வறுத்த பாதாம். விவசாயம் வருவதற்கு முன்னே ஆதி மனுசன் சாப்பிட்ட சாப்பாடாம். என்னோடு வேலை செய்த முனியம்மா உடனே, "அப்போ வெண்ண யாரு மேடம் கடஞ்சா?" என்று கேட்டாள். மேடம் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதை மட்டும் கேக்காதீங்க முனியம்மா" என்றார்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த வேலையைத் தானே செய்ய ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்க்கத்தான் எங்களுக்குப் பயம். மீனைத் தலை, செவுள், குடல், வால் எல்லாம் போக்கி, கழுவி, தண்ணீர் வடியவிட்ட பிறகுதான் தராசில் வைக்க வேண்டும். முன்னாடி நிறுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். "அவங்க தலையையும் குடலையுமா சாப்பிடப் போறாங்க" என்பார். ஒவ்வொரு எவர்சில்வர் பெட்டியையும் மூடுவதற்கு முன்னால் குனிந்து ஒரு தடவை மோந்து பார்ப்பார்.

அதைவிடப் பெரிய வேலை, பெட்டி திரும்பி வரும்போதுதான். கழுவுவதற்கு முன்னால் திறந்து பார்க்க வேண்டும். எதை வைத்துவிட்டார்கள், எதை வழித்துத் தின்றிருக்கிறார்கள் என்று மேடத்திடம் சொல்ல வேண்டும். அது என் பொறுப்பு. பேசத் தெரியாதவளுக்கு ஏற்ற வேலை. பெட்டி பேசும், நான் கேட்டுக்கொள்வேன். கம்ப்யூட்டர் கம்பெனி பையன் ஒருத்தன் காயை அப்படியே திருப்பி அனுப்புவான். பெட்டிக்குள் பிரியாணிக் கடை ரசீது ஒருநாள் கிடந்தது. "எடை குறையல" என்று அவன்தான் அதிகமாகப் போன் செய்வான். ஒரு டீச்சரம்மா, பெட்டியை நக்கினதுபோல் அனுப்புவார். கொஞ்சநாளில் தன் பழைய சுடிதார் எல்லாவற்றையும் முனியம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். அவ்வளவு இளைத்துவிட்டார். பிறகு மகள் கல்யாணம் வந்தது, சாப்பாட்டை நிறுத்தினார், அடுத்த தீபாவளிக்கு முனியம்மாவைப் பார்த்து, "அந்த நீல சுடிதாரை இன்னும் வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

இன்னொருவர் சர்க்கரை மாத்திரை போடுகிறதைச் சொல்லாமல் எங்களிடம் சாப்பாடு வாங்கியவர். சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் அப்படியே போட்டிருக்கிறார். சர்க்கரை இறங்கி ஆபீஸில் மயங்கி விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். அன்றையிலிருந்து டாக்டரைக் கேட்காமல் மேடம் யாருக்கும் பெட்டி கொடுத்ததில்லை.

இனிமேல் ஏழுமலை.

ஏழுமலை தண்ணி லாரி ஓட்டுகிறவர். செய்யூர்ப் பக்கத்து ஆள். திருவிடந்தையில் ஒரு தோப்புக் கிணற்றில் தண்ணீர் பிடித்துப் படூர் குடியிருப்புகளுக்குக் கொண்டுவருவார். எங்கள் தொட்டிக்கும் அவர்தான். நல்ல பெருத்த உடம்பு. வண்டியிலிருந்து இறங்கினால் வண்டி ஒரு பக்கம் நிமிரும் என்று முனியம்மா சொல்வாள். எங்கள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இன்னிக்கும் முட்டையும் மீனுமா? சோத்தக் கண்ணுல காட்டாம எப்டிதான் உசுரோட கீறாங்களோ" என்று சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தொட்டி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். மேடம் வெளியே வந்தார். "மேடம், எனக்கு ஒடம்ப கொறைக்கணும். சீக்கிரமா" என்றார் ஏழுமலை.

அவருக்கு ஒரே தங்கச்சி, அம்சா. திருவிடந்தையில் வாக்கப்பட்டவள். அவளுக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. யாராவது கூடப்பிறந்தவர்கள் தங்கள் ஈரலில் பாதியைக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெட்டிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் மறுபடி வளர்ந்துகொள்ளுமாம். ஏழுமலைக்கு ரத்தம் சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அவர் ஈரலில் கொழுப்பு அப்பியிருக்கிறது. "இப்படி இருக்கிற ஈரலை எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. உடம்பைக் குறைத்துக்கொண்டு வாங்க. அதிக நாள் இல்லை" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மேடம் வழக்கம்போல டாக்டரிடம் கேட்டுவரச் சொன்னார். டாக்டருக்குப் பேலியோ என்ற பெயரில் அக்கறை இல்லை. சோறு, சர்க்கரை, பலகாரம், சாராயம் கூடாது. வெண்ணெய், நெய்யைக் கொட்டக் கூடாது. பட்டினி கிடக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். மீன், முட்டை, காய் என்றால் சரி என்றார். ஆகவே ஏழுமலைக்கு மட்டும் வெண்ணெயைக் குறைத்துக் காயைக் கூட்டி மேடமே ஒரு பெட்டி போட்டார். மதியம் தண்ணீர் இறக்கிவிட்டுப் பெட்டியை எடுத்துப் போவார், மறுநாள் கொண்டுவருவார். அவர் பெட்டி எப்போதும் கழுவித் துடைத்துப் பளபளவென்று வரும். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூட்டை நிறுக்கிற தராசில் மேடம் அவரை வாரம் ஒருமுறை ஏற்றுவார். முதல் வாரம் முள் கொஞ்சம் இறங்கியது. அது எல்லாருக்கும் இறங்கும், நீர்தான் வடிகிறது என்று மேடம் சொல்வார். அதற்குப் பிறகு முள் நகரவே இல்லை. ஒரு வாரம் ஏறிக்கூட இருந்தது. மேடம் தலைப்பைச் செருகிக்கொண்டு அவர் பெட்டிக்கான மீனைத் தானே ஆய ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அவர் பெட்டியைத் தூக்கினேன், கனமாக இருந்தது. திறந்தால் வாழை இலைத் துண்டில் இரண்டு பூரணக் கொழுக்கட்டை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு கை முருங்கைக் கீரையாவது போட்டுத்தான் கொடுப்போம். இத்தனை நாள் ஏழுமலையே கழுவிக் கொண்டுவந்திருக்கிறார். நேற்று எந்தப் பொம்பளையோ கழுவியிருக்கிறாள். வெறும் பெட்டியாகக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மேடத்திடம் காட்டினேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். மெதுவாக மென்றார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார், அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மதியம் ஏழுமலை வந்ததும் உள்ளே கூப்பிட்டார்.

"பெட்டியை எங்க வச்சி சாப்பிடறீங்க?"

"தங்கச்சி வூட்டுலதான் மேடம். போற வழிதான."

"சாப்பிட்ட பிறகு?"

அவர் தலையைச் சொறிந்தார். "பொறவு அவ எதுனா குடுப்பா. ஒரு நாளு பொங்கலு. ஒரு நாளு அடை. முந்தாநேத்து சோறும் வத்தக்கொயம்பும்."

"அப்ப நம்ம சாப்பாடு?"

"அதயும் துன்னுடுவேன் மேடம். நீங்க பாத்து பாத்து பண்ணத வீணாக்கலாமா?"

முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். மேடம் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"அவ வூட்ல மட்டுமில்ல மேடம். தெருவே குடுக்குது. ஈரலு குடுக்கப் போறவன், தெம்பா இருக்கணும்னு ஒருத்தி வாயப்பயம் குடுக்கறா, ஒருத்தி கூழு குடுக்கறா, டீக்கடைக்காரன் ரெண்டு கரண்டி சக்கர சேத்துப் போடறான். அவங்களுக்கு வேணான்னு சொல்லிடுவேன். அவளுக்கு எப்டி சொல்றது? நிக்க முடியாம செவுத்தப் புடிச்சிக்கினு ஆக்கறா. அடுத்த மாசம் அவ கையால துன்ன முடியுமோ இன்னாமோ."

"ஈரல்ல கொழுப்பு இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லல மேடம். ஆஸ்பத்திரில ஆளு நெறைய கீறாங்க, நம்ம முறை வரலன்னு சொல்லிக்கீறேன்."

அவர் போனபிறகு மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க போய்ப் பேசிட்டு வாங்க, கன்னியம்மா. பக்கத்து ஊர்தானே." பேசு என்று என்னிடம் சொல்கிறாரே என்று முனியம்மாவைப் பார்த்தேன். அவள் பாதாம் தோல் உரிக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் போனேன். அம்சா அடுப்புப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மஞ்சள். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் நீர் கோத்து மாசமானவள் மாதிரி. நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. "யக்கா, நீதான் எங்கண்ணனுக்கு மீனு ஆயறியா? ஒக்காரு" என்று என் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டாள். அதில் வெல்லம் போட்ட ராகி அடை. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வரவில்லை. ஏழுமலை பட்ட பாடு அப்போதுதான் தெரிந்தது. முழுசும் தின்றுவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"இது எல்லாம் ஒங்கண்ணன் ஈரல்ல போயி கொழுப்பா ஒட்டிக்கினு கீது அம்சா. அந்தக் கொழுப்பு கரையாம டாக்டரு ஆபரேசன் பண்ண மாட்டாராம். முறையெல்லாம் ஒண்ணுமில்ல. ஒங்கண்ணன் ஒடம்பு எளைக்கறதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கினு கீறாங்க."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் தணல் மட்டும் இருந்தது.

"அப்போ நான்தான் எனக்கே நாளு தள்ளிக்கினு இருந்தனா?" என்றாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"சரி, எனக்காக அவன் பட்டினி கெடக்கணுமா?"

"பட்டினி இல்லம்மா. மீனு, முட்டை, காயி, வயிறு ரொம்பத்தான் குடுக்கறோம்."

"அது ஒங்க கை. எங்கம்மா போனதுலேர்ந்து அவன் என் கையாலதான் துன்னுக்கினு கீறான். நான் அடுப்பு பத்தவைக்காம படுத்துட்டேன்னா செத்தவதான் யக்கா. அதுக்கு ஆபரேசன் எதுக்கு?"

எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் அவள் சொன்னதை அப்படியே மேடத்திடம் ஒப்பித்தேன். மேடம் தலைப்பைச் செருகவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு சின்னத் தராசு ஒன்றைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். "அவங்க கையால தான் சாப்பிடுவார்னா, அவங்களே ஆக்கட்டும். அளவு மட்டும் நம்மளுது. நீங்க தினமும் கூடப் போங்க."

மோந்து பார்த்து மூடாமல், சமைக்காத மீனும் காயுமாக மேடம் வெளியே அனுப்பி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அதன்பிறகு என் வேலை தண்ணி லாரியில்தான். ஆய்ந்து நிறுத்த மீனும் காயும் மடியில், சின்னத் தராசு காலடியில், ஏழுமலைக்குப் பக்கத்தில் கூச்சத்தில் கதவோரமாக ஒட்டிக்கொண்டு போவேன். "கதவத் தொறந்துக்கினு உழுந்துடப் போற யக்கா, இந்தப் பக்கம் நவுரு" என்பார். நவுர மாட்டேன்.

அம்சா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மீனுக்கு மிளகும் மஞ்சளும் தடவுவாள். எண்ணெயை அவள் கரண்டி நிறைய எடுப்பாள், நான் பாதியைத் திரும்பக் கொட்டுவேன். "கஞ்சப் பிசினாரி யக்கா நீ" என்பாள். சங்கரா மீனைத் தோசைக்கல்லில் திருப்பிப் போட்டுச் சுட அவளைப்போல எனக்கு வராது, அவள் சுட்டால் ஒரு பக்கம்கூடக் கல்லில் ஒட்டாது. அவளுக்கு உப்பு ஆகாது என்று டாக்டர் நிறுத்தியிருந்தார். ஆகவே உப்பு சரியா என்று நான்தான் வாயில் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். கோஸ், சுரைக்காய், பூசணி, கீரை, எதையும் தேங்காய் தூவி இறக்குவாள். பருப்பில்லாத கூட்டு கூட்டா என்று அலுத்துக்கொள்வாள். அண்ணன் சாப்பிட்டு முடிக்கிறவரை தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"போதுமாண்ணா?"

"போதும் அம்சா."

"பொய் சொல்ற."

"சோறு இல்லாம எப்டி போதும்னு வரும்? ஆனா பசிக்கல."

அவர் எதிரில் சாப்பிடுகிறவர்களைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தலைவலி, எரிச்சல், இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. பிறகு பழகிவிட்டது. லாரியைத் தோப்புப் பக்கமே நிறுத்திவிட்டுத் தங்கச்சி வீட்டுக்கு நடந்து வர ஆரம்பித்தார்.

தெருக்காரர்களை அம்சாவே பார்த்துக்கொண்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள்: "எங்கண்ணனுக்கு யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க. ஒரு வாயப்பயம் குடுத்தாலும் அது எனக்குக் குடுக்கற வெஷம். அப்புறம் ஒங்க இஷ்டம்." அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு டீக்கடைக்காரர்கூட சர்க்கரை இல்லாத டீயைக் கொடுத்துவிட்டு, "போதுமா அண்ணாத்த?" என்று பயந்து கேட்பாராம்.

மூட்டைத் தராசில் முள் இறங்க ஆரம்பித்தது. சட்டை தொளதொளத்தது. கன்னம் ஒட்டியது. ஆனால் அம்சாவும் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மீனைத் தடவிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது, என்னை யாரென்று கேட்டாள். ஈரல் கெட்டால் அப்படி நினைவு தடுமாறும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எது முந்தும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் நான் ஆக்கினதை ஏழுமலை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

அவள் வீடு திரும்பிய வாரத்திலேயே மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, வேறு லாரி வந்தது. சாயங்காலம் ஏழுமலை பஸ்ஸில் வந்து இறங்கினார். சமையல்கூடத்துப் பின்வாசலில் நின்றார். மேடம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கொயுப்பு நல்லா கரஞ்சிட்சாம் மேடம். எடுத்துக்கலாம்னுட்டாரு" என்று சொல்லி, தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். மேடம் உள்ளே போனார். முனியம்மாதான் அவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புதுப் பெண்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். குறையும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏழுமலைக்குக் குறைந்தது மீனாலா, சோற்றை விட்டதாலா, சாராயத்தை விட்டதாலா, தோப்பிலிருந்து நடந்ததாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. கேட்டிருக்கிறேன். பெட்டியோடு சேர்த்துப் பொங்கலும் தின்றபோது அதே மீன் அவரை ஒரு சுற்றுக்கூட இளைக்க வைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். நிறுத்தினால் திரும்பி வரும் என்பதும் தெரியும். சிறுதானியமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆபரேசன் முடிந்து அண்ணன் முதலில் வீட்டுக்கு வந்தார். தங்கச்சிக்கு ஜுரம் வந்து, நின்று, மறுபடி வந்து, ரொம்ப நாள் கழித்து வந்தாள். இப்போது கண் வெள்ளையாக இருக்கிறது. மாத்திரை மட்டும் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும்.

போன ஆடியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழுமலையும் வந்திருந்தார். முக்கால்வாசி பழைய உடம்பு திரும்பிவிட்டது. டாக்டர் திட்டினாராம். அம்சா நின்றுகொண்டே பரிமாறினாள். தட்டு நிறையக் கீரையும் மீனும் வைத்து, ஓரத்தில் ஒரே ஒரு கரண்டி சோறு வைத்தாள். அவர் அதைத் தின்றுவிட்டுத் தட்டை நீட்டினார்.

"இன்னொரு கரண்டி போடு அம்சா."

"போதும்."

"ஈரலயே அறுத்துக் குடுத்தவனுக்கு ஒரு கரண்டி சோறா? நீயே கேளு யக்கா இந்த நியாயத்த. எனக்குப் போதுமா போதாதான்னு இவளுக்கு எப்டித் தெரியும்?"

அம்சா சோற்றுப் பானையை மூடி, அதன்மேல் கரண்டியை வைத்தாள்.

"பாதி ஈரலு என்கிட்ட கீதுல்ல. அது சொல்லுது. எயுந்து கைய கழுவு."